வண்டியோரத்துக்கு ஒரு காற்றுமறைப்புத் துணி

முகாமில் சமைக்கும்போது வண்டி மறைவில் உட்கார்ந்தாலும் அடியில் புகுந்து வரும் காற்று அடுப்பை அணைத்துவிடும். அதனால் துணியின் கீழ் விளிம்புதான் எனக்கு முக்கியம்.

4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்தில் ரிப்ஸ்டாப் நைலான் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்த துணி) எடுங்கள். கான்வாஸும் ஆகும், ஆனால் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. நைலானில் குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நின்றுவிடும். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டித்தான் நான் மடிப்பைப் பிடித்துக்கொள்வேன். பாலியஸ்டர் நூல் போடுங்கள்; பருத்தி நூல் ஈரத்தில் மக்கும்.

மீட்டருக்கு ஒன்றாகக் கம்பு நுழைய மேலிருந்து கீழாக உறை தையுங்கள். உறையின் மேல் முனையை மூடி, அங்கே மட்டும் துணியை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். கம்பின் நுனி இடித்து இடித்து முதலில் கிழிவது அந்த இடம்தான். கீழே 25 செ.மீ. உறை தைக்காமல் விட்டால், அது தரையில் படியும். அதன் மேலே கல்லோ மணல் பையோ வைக்கலாம். வண்டிப் பக்கத்து நுனியை டயருக்கும் தரைக்கும் நடுவில் செருகுங்கள்.

மேல் மூலையை ரூஃப் ரேக்கில் (வண்டிக் கூரைமேல் சாமான் கட்டும் சட்டம்) கட்டுங்கள். பக்கக் கண்ணாடியில் கட்டவே கூடாது. காற்றின் வேகம் இரு மடங்கானால் துணிமேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆகவே ஒவ்வொரு கம்புக்கும் இருபுறமும் கயிறு வேண்டும், சுமார் 45 டிகிரி சாய்வில். கயிறு பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும், இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

நைலான் உருகும், அடுப்பைத் துணியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.