ஹை பாஸ் லேயரால் படத்தைக் கூர்மையாக்குவது எப்படி?

கூர்மையாக்குவது கடைசி வேலை. நிறத் திருத்தம், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) குறைப்பு, அளவு மாற்றம் எல்லாம் முடிந்த பிறகே தொடங்குங்கள். முதலில் கூர்மையாக்கிவிட்டுப் படத்தைச் சிறிதாக்கினால் அந்த உழைப்பு வீண்.

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+ஜே அழுத்தி லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுங்கள். மேலே வேறு லேயர்கள் இருந்தால் அதற்குப் பதில், உச்சி லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆல்ட்+இ அழுத்துங்கள். எல்லாம் சேர்ந்த புது லேயர் உச்சியில் வரும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யூ அழுத்தி அதன் நிறத்தை நீக்குங்கள். இதை விட்டுவிட்டால் விளிம்புகளில் நிறக்கோடு தெரியலாம். பிறகு ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (ஃபில்டர் அமைப்பைத் திருத்த விடும் லேயராக) மாற்றினால் ரேடியஸை, அதாவது விளிம்பைச் சுற்றி ஃபில்டர் வேலை செய்யும் அகலத்தை, பின்னர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

ஃபில்டர் மெனுவில் 'அதர்', அதனுள் 'ஹை பாஸ்': விளிம்புகளை மட்டும் விட்டு மற்றதைச் சாம்பலாக்கும் ஃபில்டர் இது. இணையத்துக்கான சிறிய படத்துக்கு ரேடியஸ் 0.5 முதல் 1 பிக்சல், 24 மெகாபிக்சல் முழுப்படத்துக்கு 2 முதல் 3 போதும். சாம்பல் பரப்பில் விளிம்புகள் மெலிதாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பிளெண்ட் மோடை (லேயர் கீழுள்ளதோடு கலக்கும் முறையை) 'ஓவர்லே' ஆக்கியதும் 50% சாம்பல் மறைந்து, விளிம்புகள் மட்டும் வேலை செய்யும். முகங்களுக்கு மென்மையான 'சாஃப்ட் லைட்' நல்லது.

விளிம்பை ஒட்டி வெள்ளைக்கோடு வந்தால் ரேடியஸ் அதிகம். ஒப்பாசிட்டியை (லேயரின் அடர்த்தியை) குறைத்தாலும் கோட்டின் அகலம் குறையாது, ரேடியஸைத்தான் குறைக்க வேண்டும். வானத்தில் புள்ளிகள் துருத்தினால் லேயர் மாஸ்க் (கறுப்பு இடத்தில் லேயரை மறைத்து, வெள்ளை இடத்தில் காட்டும் திரை) சேர்த்து, அங்கே கறுப்பு பிரஷ்ஷால் தீட்டுங்கள். உருவப்படத்தில் கறுப்பு மாஸ்க் போட்டு கண், இமை, முடி மட்டும் வெள்ளையால் திறப்பதே சிறந்தது; தோலைத் தொடவே வேண்டாம்.

எப்போதும் 100% பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஃபோகஸ் தவறிய படத்தை இது காப்பாற்றாது.