ஜெர்மனில் பஸ், ரயில் பயணம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் ஏ1, ஏ2 (ஆரம்ப நிலைகள்) படிக்கிற நம்மவர்கள் பயணம் பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகளில் பல ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தமிழ் வேற்றுமை உருபை அப்படியே ஜெர்மனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

"பஸ்ஸில் போகிறேன்" என்று மனதில் ஓடும், வாய் "இஷ் கேயெ இம் புஸ்" என்று சொல்லிவிடும். இதில் இரண்டு கோளாறு. கேயன் என்றால் நடந்து போவது. வண்டியில் போனால் ஃபாரன்தான், ஓட்டுவது வேறொருவராக இருந்தாலும். அப்புறம், எதில் பயணம் என்பதற்கு மிட் வேண்டும், மிட்டுக்குப் பின்னால் எப்போதும் டாட்டிவ் என்ற வேற்றுமை. புஸ், ட்ஸூக் (ரயில்) இரண்டும் ஆண்பால், ஆகவே மிட் டேம் புஸ், மிட் டேம் ட்ஸூக். ஊ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஷ்ட்ராஸன்பான் (டிராம்) எல்லாம் பான் என்று முடிவதால் பெண்பால்: மிட் டேர் ஊ-பான். நடந்து போவதற்கு மட்டும் மிட் கிடையாது, ட்ஸு ஃபூஸ். சரி, இம் புஸ் எப்போது வரும்? பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு போனில் "பஸ்ஸில் இருக்கிறேன்" என்று சொல்லும்போது: இஷ் பின் இம் புஸ்.

ஏறுவதிலும் இதே சிக்கல்தான். நாம் பஸ்"ஸில்" ஏறுகிறோம், ஜெர்மன்காரர் பஸ்ஸுக்குள் போகிறார், அதனால் அக்குஸாட்டிவ் என்ற வேற்றுமை: இஷ் ஷ்டைகெ இன் டேன் புஸ் ஐன். மாறி ஏறும் வண்டிக்கும் அப்படியே, இன் டீ ஊ6 (ஆறாம் எண் ஊ-பான்) உம். மாறுகிற ஊர் என்றால் வெறும் இன் மான்ஹைம். இறங்குவது எப்போதும் டாட்டிவ், அவுஸ் டேம் புஸ் அவுஸ். கடைசியில் வரும் அந்த ஐன், உம், அவுஸ் துண்டுகளைத் தயவுசெய்து விழுங்காதீர்கள்: "இஷ் ஷ்டைகெ இன் மான்ஹைம்" என்று நிறுத்தினால், அங்கே ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா, வண்டி மாறுகிறீர்களா என்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

நம்முடைய "-க்கு" இன்னும் ஆபத்தானது. பெர்லினுக்குப் போவது நாக் பெர்லின், சரி. ஆனால் ரயில் பெர்லினுக்கு "வந்து சேர்கிறது" என்றால் நாக் வராது: டேர் ட்ஸூக் கொம்ட் இன் பெர்லின் ஆன். நாக் என்பது ஊர்களுக்கும் ஆர்ட்டிகிள் (பெயருக்கு முன் வரும் டேர், டீ போன்ற சொல்) இல்லாத நாடுகளுக்கும்தான். சுவிட்சர்லாந்துக்கு ஆர்ட்டிகிள் உண்டு, ஆகவே இன் டீ ஷ்வைட்ஸ். ஸ்டேஷனுக்கு, டாக்டரிடம் என்றால் ட்ஸும் பான்ஹோஃப், ட்ஸும் ஆர்ட்ஸ்ட். வீட்டுக்கு மட்டும் நாக் ஹவுஸெ, அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இறந்தகாலத்தில் "இஷ் ஹாபெ மிட் டேம் புஸ் கெஃபாரன்" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும். இடம்விட்டு இடம் போகிற வினை, ஆகவே துணைவினை ஹாபெ இல்லை, பின்: இஷ் பின் மிட் டேம் புஸ் கெஃபாரன். ஏறியது, இறங்கியது, மாறியது, வந்து சேர்ந்தது எல்லாவற்றுக்கும் பின்தான். ஆனால் ரயிலைத் தவறவிட்டால் ஹாபெ: இஷ் ஹாபெ டேன் ட்ஸூக் ஃபெர்பாஸ்ட்.

அந்த ரயிலைத் தவறவிடுவதற்கே ஒரு காரணம் உண்டு, ஹால்ப் ஆக்ட். ஆக்ட் என்றால் எட்டு என்பதால் பலர் எட்டரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஏழரை, எட்டை நோக்கிப் பாதி. ஸ்டேஷன் பலகையிலும் ஆப்பிலும் 24 மணிக் கணக்குதான், ஆகவே நண்பர் மாலை ஹால்ப் ஆக்ட் ரயில் என்று சொன்னால் 19:30 என்று தேடுங்கள்.