தங்க ரேக்கும் கிம்ப் மென்பொருளும்: நான் செய்த தவறுகள்

தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்கள், படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பைக் கற்கும்போது செய்யும் பெரிய தவறு கணினியில் நடப்பதில்லை. படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்படி வெளுத்துப் போன இடத்திலிருந்து எந்த மென்பொருளும் பொன்னை மீட்டுத் தராது. மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கே இது புரிந்தது. நேர் வெயில் படாத திண்ணையில், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓவியத்தைச் சாய்த்து வைத்து எடுங்கள். மக்கு (சுண்ணப்பொடிப் பசை) வைத்துப் புடைப்பாக எழுப்பிய வேலை அப்போதுதான் நிழலோடு தெரியும். கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, தங்கம் மங்கலாகத் தெரிகிறதே என்று நிறச் செறிவை ஏற்றுவது. பொன் மஞ்சள் பெயின்ட் ஆகிவிடும். பின்னணிச் சிவப்பு கண்ணைக் குத்தும். கும்பகோணத்திலிருந்து நேரில் வந்த ஒருவர், “படத்தில் பார்த்த சிவப்பு இது இல்லையே, ஐயா” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது ஓவியத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்தே எடுக்கிறேன். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, சாம்பல் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் சொட்டுக்குழாய்க் குறியால் அந்தக் காகிதத்தின் மேல் ஒரு சொடுக்கு. படத்தில் ஏறியிருந்த நீலமோ மஞ்சளோ பெரும்பாலும் விலகிவிடும். பிறகு காகிதத்தை வெட்டி நீக்கிவிடலாம்.

சேமிப்பதில் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். ‘சேவ்’ கொடுத்தால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்.சி.எஃப் வடிவில்தான் சேமிக்கும். அடுக்குகள் (படத்தின் பகுதிகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் லேயர்கள்) கலையாமல் இருப்பது அதில்தான். ஜேபெக் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். ஜேபெக்கையே திரும்பத் திரும்பத் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். மூலப்படத்தின் கோப்பிலேயே மாற்றிச் சேமித்துவிட்டால் கதை முடிந்தது.

வாட்ஸப்பில் வந்த படத்தை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள்; அது சுருக்கப்பட்ட படம். 4க்கு 6 அங்குல அட்டை தெளிவாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். சின்னப் படத்தில் 300 என்று எண்ணை மட்டும் மாற்றினால் நுணுக்கம் எங்கிருந்து வரும்? அனுப்பும்போது ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

அச்சு வேலைக்கான பழைய டி.டி.பி. எழுத்துருவில் (யூனிகோட் அல்லாதது) அடித்த தமிழைக் கிம்ப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் அடித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: திருட்டுப் பயத்தில் ஆலிலைக் கிருஷ்ணன் முகத்தின் குறுக்கே பெயரையும் கைப்பேசி எண்ணையும் பெரிதாகப் போடுகிறார்கள். வாங்க வந்தவர் பார்ப்பது கிருஷ்ணனையா, எண்ணையா? கீழ் மூலையில் சிறிதாகப் போட்டாலே போதும்.