வீடில்லாத குழந்தைகளுக்கான மழலையர் மையம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மழலையர் மையங்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. பிள்ளை ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுகிறார்கள். தங்குமிடம் மாறினால் நாளைக்கே அது வராமல் போகலாம்.

பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினால், பல குடும்பங்கள் மறுபடி வருவதில்லை. இடம் மாறும்போது முதலில் தொலைவது காகிதங்கள்தானே! முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆவணங்களைப் பிறகு தேடுங்கள் என்பதே வீடில்லாத பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்காவின் மெக்கின்னி-வென்டோ சட்டம் பள்ளிகளுக்கு வைத்திருக்கும் விதியும்கூட. அன்றே கேட்டாக வேண்டியவை வேறு: ஒவ்வாமை உண்டா, தினமும் மருந்து உண்டா, யாருடன் பிள்ளையை அனுப்பலாம், யாருடன் அனுப்பவே கூடாது. கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த தாய்மார் இவர்களில் பலர். தங்குமிட முகவரி எழுதிய பதிவேட்டை மேசைமேல் திறந்து வைப்பதும், நன்கொடை திரட்டப் பிள்ளையின் முகம் தெரியும் படத்தை வெளியிடுவதும் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சாப்பாட்டைப் பைக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளை திருடுகிறது என்று கண்டிப்பார்கள். அடுத்த வேளைக்குச் சோறு உண்டா என்று அதற்குத் தெரியாது. பிடுங்கினால் பயம்தான் கூடும். கேட்ட நேரத்தில் எடுத்துக்கொள்ளும்படி தின்பண்டக் கூடை ஒன்றை வையுங்கள். நம்பிக்கை வர வர ஒளிப்பது குறையும். மதியத் தூக்கத்தில் பதறி எழும் பிள்ளையைச் சுவரோரமாக, கதவு கண்ணில் படும்படி படுக்க வையுங்கள். விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம்.

அதற்காக எல்லாமே சூழ்நிலையால்தான் என்று விட்டுவிடவும் கூடாது. பேச்சுத் தாமதம், காது கேளாமை, பார்வைக் குறை ஆகியவை இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகின்றன. ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மழலையர் மையங்களில் வளர்ச்சிப் பரிசோதனைக்கு 45 நாள் கெடு. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே நீளம். முதல் 2 வாரத்துக்குள் முடிப்பது நல்லது.

வாரத்துக்கு ஒரு புதுத் தன்னார்வலரை வகுப்புக்குள் விடாதீர்கள். அவர்கள் சமையலுக்கும் பொருள் அடுக்கவும் உதவட்டும். பிள்ளையைக் காலையில் வரவேற்பவர் தினமும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடிப்பதற்கு முன், பேருந்துக் கட்டணமா, புது இடமா என்று தாயைக் கேளுங்கள். தடுப்பூசிப் பதிவு, பரிசோதனை முடிவு, பிள்ளை வரைந்த படங்கள் கொண்ட கோப்பின் நகலை, பிள்ளை சேர்ந்த முதல் மாதமே பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். கிளம்பும் நாளில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தால், அந்த நாள் எதுவென்று பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.