ஹார்ட்மேட் 3 இதய பம்ப்: பேட்டரி மாற்றும் முறை

நோயாளியை உட்கார வையுங்கள். சார்ஜ் ஏறிய இரண்டு பேட்டரிகளை முதலில் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, அவற்றில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். நான்கு பச்சை விளக்கும் எரிய வேண்டும். ஒரு பக்கத்துப் பழைய பேட்டரியை மட்டும் கழற்றி, பேட்டரியிலும் அதைச் செருகும் கிளிப்பிலும் உள்ள சிவப்பு அம்புக்குறிகளை நேராக்கி, புதியதை 'க்ளிக்' என்று கேட்கும்வரை செருகுங்கள். லேசாக இழுத்துப் பார்த்த பிறகுதான் மறுபக்கம். இடையில் கன்ட்ரோலர் (பம்பை இயக்கும் வெளிக்கருவி) பீப் அடிக்கும், பதற வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால் கன்ட்ரோலருக்கு உள்ளிருக்கும் அவசர பேட்டரிதான் கதி; சுமார் 15 நிமிடம் தாங்கும். அதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

பம்பிலிருந்து வயிறு வழியாக வெளிவந்து கன்ட்ரோலருக்குப் போகும் ஒயரை பெல்ட் போட்டு அசையாமல் கட்டுங்கள். அடிக்கடி இழுபட்டால் தோல் கிழிந்து சீழ் பிடிக்கும்.

பம்ப் வழியான ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போய் எச்சரிக்கை ஒலித்தால், வயிற்றுப்போக்கோ கறுப்பு மலமோ உண்டா என்று பார்த்து, உடனே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.