தோள் இறுகிப்போனால் வீட்டில் என்ன செய்வது

தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டக் கை மேலே ஏறவில்லை, முதுகுப் பக்கம் போகவில்லை, இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை என்று வீட்டில் அம்மாவோ அக்காவோ சொன்னால், வேலை செய்த அலுப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள்.

தோளில் மேற்கை எலும்பின் உருண்டை பெரிது, அது உட்காரும் குழி சிறிது, ஆழமும் இல்லை. இரண்டையும் சுற்றித் தளர்வாக ஓர் உறை இருக்கிறது. கையைத் தொங்கவிட்டால் அக்குள் பக்கம் அந்த மூட்டுறை மடிந்து கிடக்கும், தூக்கினால் விரியும். அது அழற்சியால் தடித்துச் சுருங்கிவிட்டால் கை எப்படி ஏறும்? 40 முதல் 60 வயதுக்குள்தான் இது அதிகம், அதிலும் பெண்களுக்கு. சீனி வருத்தமும் தைராய்டும் இருந்தால் இன்னும் அதிகம், அதனால் இரத்தத்தில் சீனியைக் கட்டாயம் பாருங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உங்கள் கைக்கும் அதே இடத்தில் நின்றுவிட்டால் மூட்டுறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அவரால் முடியாதது உங்கள் கைக்கு லேசாக வந்தால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். எதுவானாலும் டொக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

நோவு கடுமையாக உள்ள மாதங்களில் சுடுதண்ணீர் ஒத்தடம் 10 நிமிடம், பிறகு நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, நோகும் கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அது தானாக ஆடும்படி விடுவது, அவ்வளவு போதும். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி இந்தக் கட்டத்தில் நன்றாக உதவும், ஆனால் சில நாட்களுக்குச் சீனி ஏறும். நோவு தணிந்ததும் லயத்து வீட்டுச் சுவரில் விரல்களை ஊர்ந்து ஏறவிடுங்கள். கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பை இரு கையாலும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளுங்கள். இழுவை தெரியலாம், ஆனால் பயிற்சி முடிந்து நெடுநேரம் வலித்தால் குறைத்துக்கொள்ளுங்கள். முழுதாகச் சரியாக 1 முதல் 3 வருடங்கள்கூட ஆகும், இடையில் கையைக் கட்டிப்போட்டால் இறுக்கம்தான் கூடும்.

மழைக்காலத்தில் மலைச்சரிவில் வழுக்கிக் கையூன்றி விழுந்து, தோளின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகத் தெரிந்தால் கதையே வேறு. எலும்பின் உருண்டை பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும், அங்கே மூட்டுறையும் கிழியலாம். தெரிந்தவர் என்று யாரையும் இழுக்கவிடாதீர்கள், நரம்பு போய்விடலாம். இருக்கிற நிலையிலேயே சேலைத் துணியால் தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மேற்கையின் வெளிப்புறம் மரத்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.