பெரியவர்கள் வகுப்பில் வலைப்பூவும் விக்கியும்

காரைக்குடிப் பக்கம் மாலை நேரத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஆச்சி, கும்மாயம் எப்படிக் கிண்டுவீங்க?" என்று கேளுங்கள். பதிலை ஆச்சியே கைபேசியில் குரல் தட்டச்சாகச் சொல்லட்டும். அவர் சொன்ன ‘கருப்பட்டி’ எழுத்தாகத் திரையில் விழும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்புறம் தப்பாக விழுந்த சொற்களை அவரே தேடித் திருத்தட்டும். வாசிப்புப் பயிற்சி உண்மையில் அங்கேதான் நடக்கிறது. அதை வகுப்பின் வலைப்பூவில் (பிளாக்) ஏற்றிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பேத்தி படித்துப் பதில் எழுதிவிட்டால், அடுத்த வாரம் ஆச்சி முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

விக்கி வேறு மாதிரி. ஒரே பக்கத்தை எல்லோரும் சேர்ந்து எழுத வேண்டும். "நம்ம கை பட்டு கெட்டுப்போயிட்டா?" என்ற பயம்தான் பெரியவர்களுக்கு முதல் தடை. அதனால் முதல் நாளே ஒரு வரியை வேண்டுமென்றே அழியுங்கள். பிறகு பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, பழைய பதிப்பை மீட்டுக் காட்டுங்கள். பயம் பாதி போய்விடும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கம் இருக்கிறது. ஆனால் சமையல் குறிப்பும் சொந்த நினைவும் அங்கே நிற்காது, சான்று கேட்பார்கள். அவை வலைப்பூவுக்கு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை பற்றி அச்சில் வந்த கட்டுரை கையில் இருந்தால், அதைச் சான்றாகக் காட்டி விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்க்கலாம். பனையோலையில் கொட்டான் என்ற கூடை முடையும் கைகளைப் படம் எடுத்துப் போட்டாலும் நல்லதுதான். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் எதிலும் வேண்டாம்.